இரண்டாவது கேமரா பாடி வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்குக் கேமரா வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனதும் இன்னொரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. தெரிந்தவர் யாராவது பழைய கேமராவை விற்பார், அல்லது தீபாவளித் தள்ளுபடி வரும். உடனே வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது பீரோவில் இருக்கிறது. போட்டோ வாக்குக்கு (கூட்டமாக நடந்தபடி படம் எடுக்கும் உலாவுக்கு) வருகிற புதியவர்களிடம் இதே கதை மாறாமல் நடப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பில் இல்லாமல் வாங்குவது, சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரடியாகவே சொல்லிவிடலாம்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது பாடி தேவையில்லை. உண்மையிலேயே தேவைப்படுகிற சிலர், எதை வாங்குவது என்ற இடத்தில் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

தேவையை ஊகத்தில் முடிவு செய்வது

பதில் உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கிறது. படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் லைப்ரரிக்குப் போய் மேலே உள்ள ஃபில்டர் பட்டையில் மெட்டாடேட்டாவை (படத்தோடு பதிவாகும் விவரங்களை) திறங்கள். தேதி, கேமரா, லென்ஸ் என்று பத்திகள் வரும். கடந்த ஒரு வருடத்துப் படங்களில் எந்த லென்ஸில் எத்தனை என்று எண்ணிக்கையோடு காட்டும். பத்தில் ஒன்பது படம் ஒரே லென்ஸில் இருந்தால் அதோடு கேள்வி முடிந்தது.

இரண்டு லென்ஸ் கிட்டத்தட்ட சமமாக வந்தால், ஒரு நிகழ்ச்சியின் படங்களை எடுத்த நேர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். காலையில் ஒரு லென்ஸ், மாலையில் ஒன்று என்றால் ஒரு பாடி போதும். ஐந்து நிமிடத்துக்குள் அங்கும் இங்கும் மாறி மாறி வந்திருந்தால் மாற்றுகிற நேரத்தில் படம் போயிருக்கிறது என்று அர்த்தம். மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழா அப்படிப்பட்ட இடம். சப்பரம் தெருவை அடைத்துக்கொண்டு வரும்போது 24 மி.மீ. வேண்டும். மேலே நிற்கும் குருக்களின் முகத்துக்கு அடுத்த நொடியே 200 மி.மீ. வேண்டும். நெரிசலில் முழங்கை அசைக்க இடமிருக்காது, லென்ஸ் எங்கே மாற்றுவது? ஜல்லிக்கட்டில் நெரிசலோடு புழுதியும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு நியாயமான காரணம் டைம்லாப்ஸ், நட்சத்திரத் தடம் எடுப்பவர்களுக்கு உண்டு. ஒரு பாடி இரண்டு மணி நேரம் முக்காலியில் மாட்டிக்கொண்டிருக்கும், கை சும்மா இருக்கும்.

சென்சாரில் தூசி விழாமல் இருக்க இன்னொரு பாடி என்று சொல்பவர்கள் முதலில் சில நூறு ரூபாய்க்கு நல்ல புளோயர் (காற்றடித்துத் தூசி நீக்கும் பம்ப்) வாங்கலாம். கேமராவை அணைத்து, வாய்ப்பக்கத்தைத் தரையை நோக்கிப் பிடித்து, மாற்ற வேண்டிய லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்தால் வேலை பத்து நொடியில் முடியும்.

பேக்கப் என்றதும் பாடியை நினைப்பது

நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் பயப்படுவது நியாயம். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. ஆனால் முதலில் காலை வாருவது பேட்டரி, அடுத்து மெமரி கார்டு, பாடி அதற்கப்புறம்தான். அசல் பேட்டரி இரண்டு கூடுதலாக, பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் நடுத்தரக் கார்டு மூன்று. இதற்கு ஆகும் செலவு ஒரு பாடியின் விலையில் சிறு பங்குதான். வருடத்துக்கு ஒரு கல்யாணம் மட்டும் என்றால் அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். முந்தின நாள் மாலையே வாங்கி, உங்கள் லென்ஸையும் கார்டையும் போட்டு நூறு படமாவது எடுத்துப் பாருங்கள்.

மவுன்ட் (பாடியில் லென்ஸ் பூட்டும் வாய்) வேறு, பேட்டரி வேறு

பணத்தை அதிகம் தின்பதும் இதுதான், எத்தனை முறை சொன்னாலும் நிற்காததும் இதுதான். சல்லிசாகக் கிடைத்தது, பேக்கப்புக்குத்தானே என்று வாங்குகிற பாடி, முதல் கேமராவோடு எதையும் பகிர்ந்துகொள்ளாது.

ஒரு நிஜ உதாரணம். ஒருவரிடம் கேனான் 80டி என்ற டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா). கூட மூன்று லென்ஸ்: ஈஎஃப்-எஸ் 18-135, ஈஎஃப் 50 எஃப்/1.8, ஈஎஃப் 70-300. இரண்டாவதாகக் கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவான ஆர்50 வாங்கினார். 80டியின் மவுன்ட் ஈஎஃப், இதனுடையது ஆர்எஃப். சின்னது, ஆட்டோஃபோகஸ் அருமை, பழைய லென்ஸ்களையும் அடாப்டர் (நடுவில் பூட்டும் வளையம்) போட்டு மாட்டலாம் என்று கடையில் சொன்னதும் உண்மைதான். வேடந்தாங்கலில் 70-300ஐ அடாப்டரோடு ஆர்50இல் மாட்டி, 18-135ஐ 80டியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டையும் இடம் மாற்ற வேண்டி வந்தது. 70-300ஐக் கழற்றியதும் அடாப்டரும் கூடவே வந்துவிட்டது. லென்ஸிலிருந்து அதைப் பிரிக்க வேண்டும், பாடியில் பூட்ட வேண்டும், அதன் மேல் 18-135. கையில் இரண்டு பாடி, இரண்டு லென்ஸ், ஒரு அடாப்டர், நான்கு மூடி. கரையில் உட்கார்ந்து இதைச் செய்து முடிக்கும்போது நாரைக் கூட்டம் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆர்50 பேட்டரி தீர்ந்தது. அதற்கு எல்பி-ஈ17 வேண்டும், கொள்ளளவு 1040 எம்ஏஎச். பையில் நிறைய சார்ஜோடு இருந்ததோ 80டியின் எல்பி-ஈ6என். 1865 எம்ஏஎச் இருந்தும் அளவு வேறு, உள்ளேயே போகாது. சார்ஜரும் வேறு.

இதுவரை தொல்லைதான். நஷ்டம் இதற்குப் பிறகு வருகிறது. ஆர்50 பிடித்துப்போய் ஆர்எஃப் 100-400 வாங்கினார். அது 80டியில் மாட்டாது. எந்த அடாப்டரும் உதவாது. காரணம் எளிது. ஈஎஃப் மவுன்ட்டில் லென்ஸ் பூட்டும் தளத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. பழைய லென்ஸைப் புதிய பாடியில் போட 24 மி.மீ. வளையம் நடுவில் வைத்தால் போதும். புதிய லென்ஸைப் பழைய பாடியில் போட வேண்டுமானால் கண்ணாடி இருக்கிற இடத்துக்குள் 24 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். நடக்காத காரியம். ஒருவழிப் பாதை. நிக்கானிலும் இதே கணக்கு: எஃப் மவுன்ட் 46.5, இசட் மவுன்ட் 16. ஆகவே ஒவ்வொரு புதிய லென்ஸும் பழைய பாடியை இன்னும் கொஞ்சம் ஓரங்கட்டும். கடைசியில் அவர் 80டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மறுபடி ஒற்றைப் பாடிக்கு வந்து நின்றார். அடாப்டர், கூடுதல் பேட்டரி, விற்றதில் விட்டது எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல லென்ஸின் காசு.

அவர் தேடியிருக்க வேண்டியது பழைய 70டி, இன்னொரு 80டி, அல்லது 90டி. மூன்றுக்கும் அதே பேட்டரிக் குடும்பம், அதே லென்ஸ், அதே எஸ்டி கார்டு. 77டி பார்க்க 80டிக்குத் தம்பி மாதிரி இருந்தாலும் பேட்டரி எல்பி-ஈ17. 6டி மார்க் 2 பேட்டரியில் ஒத்துப்போகும், ஆனால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) என்பதால், சிறிய சென்சாருக்கான ஈஎஃப்-எஸ் 18-135 அதில் மாட்டாது. மிரர்லெஸ்தான் வேண்டுமென்றால் ஆர்7 எடுத்திருக்கலாம், எல்பி-ஈ6என் அதில் வேலை செய்யும். அப்போதும் 80டி கையில் இருக்கும்வரை புதிதாக வாங்கும் லென்ஸ் ஈஎஃப்பாகவே இருக்க வேண்டும்.

மற்ற கம்பெனிகளிலும் இந்தக் குழி உண்டு. சோனியில் ஈ மவுன்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆனால் ஏ7 மார்க் 3க்கு என்பி-எஃப்இசட்100, ஏ6400க்கு என்பி-எஃப்டபிள்யூ50. ஃபியூஜியில் எக்ஸ்-டி3இலிருந்து எக்ஸ்-டி4க்கு வரும்போதே பேட்டரி மாறிவிட்டது. நிக்கானில் ஏஎஃப்-டி வகை (தனக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாத) 50 எஃப்/1.8 லென்ஸ் வைத்திருப்பவர் டி5600 வாங்கினால் ஆட்டோஃபோகஸ் போய்விடும், ஏனெனில் அந்த பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கார்டிலும் பாருங்கள்: இசட்6 முதல் மாடல் எக்ஸ்க்யூடி கேட்கும், இசட்5 எஸ்டி கேட்கும். ஸ்டூடியோ ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர் வைத்திருப்பவர்கள் ஹாட் ஷூவையும் (கேமரா மேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தை) பாருங்கள். கேனான் 200டி மார்க் 2இல் நடுப் பின் கிடையாது, அந்த ஒரு பின்னை மட்டும் நம்பும் எளிய ட்ரிகர்கள் அதில் வேலை செய்யாது.

வாங்கப் போகும்போது உங்கள் பையை அப்படியே எடுத்துப் போங்கள். லென்ஸ், பேட்டரி, கார்டு, ஃபிளாஷ், ரிமோட் வயர் ஒவ்வொன்றையும் அந்தப் பாடியில் போட்டுப் பாருங்கள். இரண்டு பொருள் மாட்டவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு கம்பெனி

வேண்டாம். கேனானில் லென்ஸைப் பூட்டுகிற திசையில் நிக்கானில் திருப்பினால் கழன்று வரும். அவசரத்தில் கை குழம்பும்.

கிராப் பாடியை (சிறிய சென்சார் கொண்டதை) முழுசாக ஒதுக்குவது

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இன்னொரு ஃபுல் ஃபிரேம்தான் தகுதி என்று நினைக்கிறார்கள். பறவை எடுப்பவருக்கு அது சரியில்லை. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் டி750இல் 500 மி.மீ. லென்ஸில் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தைக் கிராப் அளவுக்கு வெட்டினால் சுமார் 10 மிஞ்சும். அதே லென்ஸைக் கிராப் பாடியான டி500இல் மாட்டினால் அதே பரப்புக்கு 20.9 மெகாபிக்சல் கிடைக்கும். பேட்டரியும் இரண்டுக்கும் ஒரே ஈஎன்-ஈஎல்15 குடும்பம். இரண்டாவது பாடிக்கு இப்படி முதல் பாடியால் முடியாத வேலை ஒன்று இருந்தால்தான் அது பீரோவுக்குப் போகாது.

டிஎஸ்எல்ஆர் என்றால் ஒரு எச்சரிக்கை. லென்ஸின் ஃபோகஸ் திருத்தம் (ஃபோகஸ் முன்பின் தவறுவதைச் சரிசெய்ய மெனுவில் வைக்கும் எண்) பாடிக்குப் பாடி மாறும். முதல் கேமராவில் உங்கள் 85 எஃப்/1.8க்கு +6 என்று வைத்திருந்தால் அந்த எண் அடுத்ததில் செல்லாது, புதிதாகச் சோதிக்க வேண்டும். 1500டி, டி3500 போன்ற தொடக்க நிலைப் பாடிகளில் அந்தத் திருத்த வசதியே இல்லை.

கழுத்தில் இரண்டு பட்டை

டி750 இரண்டு, 24-70 எஃப்/2.8, 70-200 எஃப்/2.8: நான்கு கிலோ தாண்டும். தோளில் போடும் இரட்டை ஹார்னஸ் வாங்குங்கள்.

கடிகாரத்தைச் சரிபார்க்காமல் கிளம்புவது

இரண்டு கேமராவின் நேரமும் நாலு நிமிடம் விலகியிருந்தால், தாலி கட்டியதற்கு முன்னால் அட்சதை விழுந்திருக்கும். கிளம்புமுன் இரண்டையும் மொபைல் நேரத்துக்கு வையுங்கள். பிறகு நொடி தெரிகிற மாதிரி மொபைல் கடிகாரத்தை இரண்டிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிசகியிருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து லைட்ரூமில் ஒரு கேமராவின் நேரத்தை மொத்தமாகத் தள்ளிவிடலாம்.

கோப்புப் பெயரும் மோதும். இரண்டு நிக்கானும் டிஎஸ்சி என்றே தொடங்கும். எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே ஃபோல்டரில் போடும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. மெனுவில் அந்த மூன்று எழுத்தை ஒரு பாடியில் மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத கேமரா என்றால் தனித்தனி ஃபோல்டர். ஆட்டோ வொயிட் பேலன்ஸை விட்டுவிட்டு இரண்டிலும் ஒரே கெல்வின் (ஒளியின் நிற அளவு) எண் வையுங்கள். ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுங்கள். மண்டபத்து விளக்கில் சாம்பல் அட்டையை இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தால் நிறத்தை ஒன்றாக்குவது சுலபம்.

ஷட்டர் கவுன்ட்டை மட்டும் பார்ப்பது

பழைய பாடியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதுதான். டி3500க்கு ஒரு லட்சம், டி750க்கு ஒன்றரை லட்சம் என்று கம்பெனி சோதித்த அளவு உண்டு. ஆனால் நம்முடைய கடலோர ஈரப்பதத்தில் ஷட்டரைவிட முதலில் கெடுவது வேறு. எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், துடைத்தால் போகும். வேர் மாதிரி கிளைத்திருந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். மூடியைப் போட்டு 30 நொடி எக்ஸ்போஷர் கொடுத்தால் ஹாட் பிக்சல்கள் (இருட்டிலும் ஒளிரும் பழுதான புள்ளிகள்) தெரியும். மவுன்ட் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பேட்டரி அறைக்குள் பச்சைப் படிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு கார்டு அறை இருந்தால் இரண்டிலும் எழுதிப் பாருங்கள்.

வாங்கியபின் அலமாரியில் பூட்டுவது

துணிமணியோடு மூடிய பீரோவிலும் தோல் பையிலும் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கிற டிரை கேபினட், இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும். பேட்டரியைக் கழற்றிப் பாதி சார்ஜில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, இரண்டு பாடியிலும் ஐஎஸ்ஓ, ஃபோகஸ் முறை, பட்டன் அமைப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஐம்பது படம் எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.