பிள்ளைக்கு முதுகு வலியா? வீட்டிலேயே பார்க்க வேண்டியவை, படிப்படியாக

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் முதுகு வலிக்கிறது என்றாள். "இந்த வயதில் என்ன முதுகு வலி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவள் புத்தகப் பையைத் தற்செயலாகத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் செய்யத் தவறியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அரை மணி நேரம் போதும்.

படி 1: கேள்விகள்

பையையும் செல்பேசியையும் குறை சொல்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? காய்ச்சல் இருக்கிறதா, உடல் மெலிகிறதா? கால் மரத்துப்போகிறதா, நடை மாறியிருக்கிறதா? பலமாக விழுந்து அடிபட்டதா? பிள்ளைக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லையா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். கால் பலம் இழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றே, அப்போதே போக வேண்டும். காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை, முதுகெலும்பையும் தாக்கும். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை எதுவும் இருக்காது. தசைப் பிடிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

படி 2: முதுகைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், மேலாடை இல்லாமல் அல்லது முதுகு தெரியும் உடையில், பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். இரு தோள்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்துகிறதா? இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா?

அடுத்து, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று, முதுகின் மட்டத்துக்கு உங்கள் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். விலாப்பக்கம் ஒருபுறம் மேடாகவும் மறுபுறம் தாழ்வாகவும் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். ஸ்கோலியோசிஸ் என்பது இதுதான். 10 வயதுக்கு மேல், பிள்ளை வேகமாக வளரும் பருவத்தில் இது அதிகம் வெளிப்படும். வளைவு பெரிதாவது பெண் பிள்ளைகளிடம் கூடுதல். பை சுமந்ததால் வருவதல்ல, கோணலாக உட்கார்ந்ததாலும் வருவதல்ல. ஆகவே பிள்ளையைத் திட்டாதீர்கள். பலருக்கு வலியே இருக்காது என்பதால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். வளைவு மேலும் கூடாமல் தடுக்கும் பெல்ட், எலும்பு வளரும் காலத்தில்தான் பயன் தரும்; எனவே தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: பையை எடை போடுங்கள்

எடைக் கருவியில் பிள்ளை பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறி நிற்கட்டும். வித்தியாசம்தான் பையின் எடை. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி அது பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 34 கிலோ இருந்த என் மகளுக்கு 3.4 கிலோதான் எல்லை. அவள் சுமந்தது 7 கிலோ.

பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். அன்றைய கால அட்டவணையில் இல்லாததை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் வெறும் பாட்டிலே போதும். கனமான புத்தகங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். இரண்டு வார்களையும் மாட்டி, பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி இறுக்க வேண்டும். இதற்குப் பிறகும் எடை குறையவில்லை என்றால், குறித்து வைத்த எண்ணோடு வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். நான் அப்படித்தான் போனேன். வெறும் புகாராக இல்லாமல் எண்ணைக் காட்டிப் பேசியதால் காது கொடுத்தார்கள்.

படி 4: அன்றாடப் பழக்கம்

உட்காரும்போது பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். எப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

வேகப்பந்து வீசும் பையன்கள், ஜிம்னாஸ்டிக்ஸ், பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. முதுகைப் பின்னால் வளைக்கும்போது அடிமுதுகில் வலித்தால், திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் மெல்லிய விரிசல் ஏற்பட்டிருக்கலாம். "தாங்கிக்கொண்டு ஆடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 5: இரண்டு வாரம்

மருத்துவரிடம் காட்டச் சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம் வீட்டில் கவனிக்கலாம். படுக்கையில் கிடத்தாதீர்கள், நடப்பதும் மெதுவாக விளையாடுவதும் நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி இறக்கட்டும். வலிக்காத அளவுக்குப் பத்து முறை. காலால் மிதிப்பது, சுளுக்கு எடுக்கிறேன் என்று முறுக்குவது வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரினும் வேண்டாம்.

ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: எப்போது வலித்தது, எதைச் செய்யும்போது வலித்தது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும், நடுவில் கூடினாலும், அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.