ருத்தனேட் பட்டையை அழுத்தும் முன்: நீளம், தடிமன், பசை

ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் படிகம் சாதாரணமாக 1.5 கெல்வினில்தான் மீகடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும். சரியான திசையில் சுமார் 0.7 கிகாபாஸ்கல் அழுத்தினால் அந்த நிலைமாற்ற வெப்பநிலை 3.5 கெல்வின்வரை ஏறும். அழுத்துவதற்கான படிகப் பட்டையை வெட்டுவதில் பிசகினால், அந்த உச்சத்தைத் தொடுமுன்பே படிகம் உடைந்துவிடும்.

முதல் வேலை திசை. படிகத்தின் அணு அடுக்குத் திசையைக் காட்டும் லாவே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, ருத்தேனியம்–ஆக்சிஜன் பிணைப்பு ஓடும் திசையில் பட்டையின் நீளம் அமையும்படி கம்பி ரம்பத்தால் வெட்டுங்கள். 45 டிகிரி தள்ளி வெட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் நிலைமாற்ற வெப்பநிலை அதிகம் அசையாது.

பிறகு 2 மிமீ நீளம், 0.3 மிமீ அகலம், 0.1 மிமீ தடிமனுக்குத் தேய்த்து எடுங்கள். முனைக்கு 0.5 மிமீ பசைக்குள் போகும். நடுவில் 1 மிமீ வெளியே நிற்கும். ஏன் இந்த அளவு? இரு முனையும் இறுகப் பிடித்த பட்டை பக்கவாட்டில் நெளியத் தொடங்கும் திரிபு (நீளம் மாறும் விகிதம்), 3.3 × (தடிமன் ÷ வெளிநீளம்)². நம் அளவுக்கு அது 3.3%. வெளிநீளத்தை 3 மிமீ ஆக்கினால் 0.37%தான், உச்சத்தைத் தொடத் தேவைப்படுவதோ 0.44%. அப்படியானால் தடிமனைக் கூட்டலாமே என்று தோன்றும். விசையும் கூடவே ஏறும்: நம் பட்டைக்கே 21 நியூட்டன். அத்தனையும் பசை வழியாகத்தான் படிகத்துக்குள் இறங்க வேண்டும்.

எப்பாக்ஸிப் பசையை பட்டையின் மேலும் கீழும் ஒரே தடிமனில், சுமார் 20 மைக்ரோமீட்டருக்கு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பட்டை வளையும். மேற்பரப்பும் அடிப்பரப்பும் வெவ்வேறு திரிபில் நிற்கும். பசையும் சற்றே நெகிழ்வதால் முனைக்குச் சுமார் 0.15 மிமீ கூடுதல் நீளம் கணக்கில் சேரும். திரிபைக் கணக்கிட, பீசோவின் (வோல்ட்டேஜுக்கு ஏற்ப நீளம் மாறி பட்டையை அழுத்தும் அல்லது இழுக்கும் பகுதி) நகர்ச்சியை 1 மிமீயால் வகுக்காதீர்கள், 1.3ஆல் வகுங்கள். உச்சத்தின் திரிபு முதலில் 0.6% என்று மதிப்பிடப்பட்டு, விசையை நேரடியாக அளந்தபின் 0.44%க்கு இறங்கியது. இயன்றால் விசை உணரி பொருத்துங்கள்.

பீசோவுக்கு அதிக வோல்ட்டேஜைக் குளிர்ந்தபின் மட்டும் கொடுங்கள். அறை வெப்பநிலையில் எதிர்த்திசை வோல்ட்டேஜ் மிகுந்தால் பீசோ துருவமிழக்கும், அதாவது அதன் உள் மின்முனைவு குலைந்துவிடும். இழுப்பதில் பேராசை வேண்டாம், படிகம் நொறுங்கக்கூடியது. ஆனால் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது பயன்படும்: அழுத்தினாலும் இழுத்தாலும் நிலைமாற்ற வெப்பநிலை ஏறுவதால், அந்த வளைகோட்டின் தாழ்புள்ளிக்கு அருகில்தான் திரிபு பூஜ்யமாகும்.

நடுப்பகுதிமேல் சிறு சுருள் வைத்து காந்த ஏற்புத்திறனை (காந்தப் புலத்துக்குப் படிகம் காட்டும் எதிர்வினையை) அளக்கும்போது, மீகடத்தி நிலைமாற்றம் அழுத்தத்தோடு அகன்றுகொண்டே போனால் பட்டை வளைகிறது. தாழ்புள்ளியே இடம் மாறியிருந்தால் பசை நழுவியிருக்கிறது. கழற்றி, புதிதாக ஒட்டுங்கள்.