பழைய பெல்ஜியத் துப்பாக்கியைச் செய்தவர் யார்? முத்திரைகளைப் படிக்கும் முறை

பழைய பெல்ஜியத் துப்பாக்கியில் ஒரு முட்டை வட்டத்துக்குள் 'ஈ' (E), அதன் கீழே 'எல்ஜி' (LG) என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதைப் பார்த்ததும் 'ஈஎல்ஜி கம்பெனி' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது செய்தவர் பெயர் அல்ல. அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்தபின் லியேஜ் நகரச் சோதனைச் சாலை அடித்த முத்திரை அது. காலத்தை அது சொல்லும். ஆளை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

1. முதலில் பாதுகாப்பு. உள்ளே தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரகத்தில் பழைய மருந்து இன்னும் கிடக்கலாம். மரக்குச்சியை உள்ளே விட்டு ஆழத்தைக் குறித்து, வெளியே வைத்து அளந்து பாருங்கள். குழலின் அடிவரை போகவில்லையென்றால் அதை அப்படியே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. முத்திரையைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல்களைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். ரிவால்வரில் தோட்டா உருளையையும் சட்டத்தையும் பாருங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தேய்த்தால் முத்திரையும் போய்விடும். சாக்பீஸ் தூளை விரலால் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாலே எழுத்து எழுந்து நிற்கும்.

3. காலம். 1810-இல் நெப்போலியன் ஆணையால் சோதனை கட்டாயமானது. அந்த முட்டை வட்டத்தில் எழுத்து மட்டும் இருந்தால் 1846-க்கு முந்தையது. எழுத்தின் கீழே நட்சத்திரம் இருந்தால் அதற்குப் பிந்தையது. வட்டத்தின் தலையில் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிறகு சோதிக்கப்பட்டது.

பக்கத்தில் மெழுகுவர்த்தித் தண்டு போல ஒன்று தெரிகிறதா? அதுதான் பெரோன். லியேஜ் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் கல்தூண். அந்த ஊர் மக்களின் சுதந்திரச் சின்னம். 1467-இல் சார்ல்ஸ் என்ற பர்கண்டி பிரபு ஊரை அடக்கி அதைப் புரூஜ் நகருக்குத் தூக்கிப் போனார். 1478-இல்தான் திரும்பி வந்தது. அந்தத் தூணையே தங்கள் துப்பாக்கியில் பொறித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

4. செய்தவர். இங்கேதான் நிதானம் வேண்டும். கிரீடத்தின் கீழே ஒற்றை எழுத்து இருந்தால் அது சோதனை அலுவலருடையது, 1853 முதல் 1877 வரை. அப்புறம் கிரீடத்துக்குப் பதில் நட்சத்திரம் வந்தது. கிரீடத்தின் கீழே 'ஏஎஃப்' (AF) என்று இரண்டு எழுத்து இருந்தால் அது ஓகுஸ்த் பிராங்கோட். 'எச்பி' (HP) என்றால் ஹென்றி பீப்பர். குதிரை வீரனும் 'பேயார்' என்ற பெயரும் பீப்பர் நிறுவனத்தின் வணிகச் சின்னம். 'எஃப்என்' (FN) என்றால் 1889-இல் லியேஜ் பக்கத்து எர்ஸ்டாலில் தொடங்கிய 'ஃபாப்ரிக் நாசியோனால்' தொழிற்சாலை.

'எல்எல்எச்' (LLH) என்று கண்டால் அவசரப்படாதீர்கள். அது குழல் மட்டும் செய்த லோரான் லோஷே-ஆப்ரானின் முத்திரை. குழல் ஒருவர், பூட்டு (சுடும் பொறி) ஒருவர், மரக்கட்டை ஒருவர் என்று வேலை பிரிந்திருந்த ஊர் அது. குழலின் மேல்பட்டையில் பெரிதாகச் செதுக்கிய பெயரும் பல நேரம் விற்ற கடைக்காரருடையதுதான்.

எல்லாம் பார்த்தும் எழுத்து சிக்கவில்லையா? சரி, காலத்தை மட்டும் எழுதி, 'லியேஜ், செய்தவர் தெரியவில்லை' என்று குறித்து வையுங்கள்.