வயலன்ட் ஃபெம்ஸின் முதல் ஆல்பத்தை எப்படிக் கேட்பது

வயலன்ட் ஃபெம்ஸ் ஓர் அமெரிக்க ராக் குழு. அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்க, முதலில் தனியாக உட்காருங்கள், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். வரிகளில் கெட்ட வார்த்தையும் விடலைப் பருவத்து ஆசையும் அப்பட்டமாக வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் கூச்சத்திலேயே பாட்டு போய்விடும்.

'பிளிஸ்டர் இன் த சன்' எல்லோரும் கேட்ட பாட்டு. அதனால் நான் யாரையும் அதில் தொடங்கச் சொல்வதில்லை. நான்காவதாக வரும் 'ஆட் இட் அப்' போடுங்கள். ஆரம்பத்தில் கருவியே கிடையாது, குழுவின் பாடகர் கார்டன் கானோவின் குரல் மட்டும்தான். மூக்கிலிருந்து வரும், கெஞ்சும், சட்டென்று கோபப்படும் குரல். பிடிக்கவில்லையா, மறுநாள் இன்னொரு முறை கேளுங்கள். இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர் பள்ளியில் படிக்கும்போதே எழுதிவிட்டார். 1982 ஜூலையில் பதிவு செய்தபோது வயது 19. வளர்ந்த பிறகு நினைவிலிருந்து எழுதியிருந்தால் இவ்வளவு குத்தியிருக்காது. எந்தக் கூட்டத்திலும் ஒட்டாதவர்கள் இந்த ஆல்பத்தைத் தங்களுடையது என்று பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் வேண்டாம். இந்த முறை வரிகளை விட்டுவிட்டுத் தாளத்தைக் கவனியுங்கள். டிரம் வாசிக்கும் விக்டர் டிலொரென்ஸோவிடம் முழு டிரம் செட் இல்லை. நின்றுகொண்டு, ஸ்னேர் என்ற ஒற்றை டிரம்மைப் பிரஷ்ஷால் வாசிக்கிறார். கூடவே ஒரு டிரம்மின் மேல் உலோகக் கூடையைக் கவிழ்த்துத் தட்டுகிறார். பிரையன் ரிச்சியின் அக்குஸ்டிக் பேஸ், கிட்டாருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதே இல்லை. 'ப்ளீஸ் டு நாட் கோ'வில் தனி ஆவர்த்தனமே செய்கிறது. 'கான் டாடி கான்' வரும்போது சைலஃபோனைத் தவறவிடாதீர்கள்.

இப்படி வாசிக்கும் மூவர் தெருவிலும் வாசிக்கலாம், வாசித்தார்கள். 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓரியண்டல் தியேட்டர் வாசலில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை, உள்ளே கச்சேரி செய்ய வந்த பிரிட்டெண்டர்ஸ் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட் கவனித்தார். அந்தக் குழுவின் பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் அன்றிரவே மேடையில் கொஞ்சம் நேரம் கொடுத்தார். ஆனால் பதிவுக்கான செலவுக்கு டிலொரென்ஸோவின் அப்பாவிடம்தான் கடன் வாங்கினார்கள். 1983இல் ஸ்லாஷ் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்க ஆல்பங்களுக்கான பில்போர்ட் 200 பட்டியலில் இடம்பிடிக்காமலேயே விற்றுக்கொண்டிருந்து, 1991இல் பிளாட்டினம் ஆனது, அதாவது அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரம் பெற்றது. விளம்பரத்தால் வந்த வெற்றி அல்ல. கேட்ட ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 'கிஸ் ஆஃப்' பாட்டில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டே போகிறான், நடுவில் ஒரு எண் எதற்கென்று மறந்துபோகிறது. எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகப் பிடித்த இடம் அது. எண்ண எண்ண குரல் ஏறுவதைக் கேளுங்கள்.

பத்தாவது பாட்டு 'குட் ஃபீலிங்'. பியானோ, வயலின், மெதுவான பாட்டு. சிடியில் இதற்குப் பிறகு 'அக்லி', 'கிம்மி த கார்' என்று இரண்டு பாட்டுகள் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல பாட்டுகள்தான். ஆனால் 1983 இசைத்தட்டில் அவை இல்லை, அதனால் முதல் சில முறை பத்தோடு நிறுத்திவிடுங்கள்.