முடவாட்டுக்கால் வாங்கினால் இப்படிச் செய்யுங்கள்

கொல்லிமலை போனால் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆட்டுக்கால் போலப் பழுப்பு ரோமத்தோடு ஒன்றைக் குவித்து வைத்து விற்பார்கள். அதுதான் முடவாட்டுக்கால். கிழங்கு என்று சொன்னாலும் மண்ணுக்குள் விளைவதில்லை; பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. மூட்டு வலிக்கு மலைமக்கள் காலங்காலமாகச் சூப் வைத்துக் குடிக்கிறார்கள்.

உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இளம்பச்சையாக, ஈரமாக இருந்தால் புதுசு. ரோமத்தைக் கத்தியால் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் தொண்டையில் உறுத்தும். பிறகு மெல்லிசாக நறுக்கி மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்து, தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் நன்றாகக் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். சக்கை நார்தான், தின்ன முடியாது.

இதில் ஃபீனால், ஃபிளேவனாய்டு என்ற வகைத் தாவர வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஆய்வகச் சோதனைகளில், செல்களைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மையும் தெரிந்திருக்கிறது. இவற்றில் கணிசமான பங்கு கொதிக்கும் நீரில் இறங்கிவிடும் என்பதால் சூப்பாகக் குடிப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் முழங்காலில் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 'மூட்டுத் தேய்மானமே போயிடும்' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாங்கி வாருங்கள். மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கிலோக்கணக்கில் அள்ளாதீர்கள். காட்டிலிருந்து பெயர்த்து வருவது இது, ஒரு சூப்புக்கு விரல் நீளத் துண்டு இரண்டு போதும்.