கார் தகடு ஒட்ட முதல் வெல்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின் வேணும் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது ராடு பிடித்து ஒட்டும் 200 ஆம்ப்ஸ் ஆர்க் மெஷினைத்தான். கேட், கிரில், மாட்டுக்கொட்டகை ஷெட், டிராக்டர் டிரெய்லர் எல்லாவற்றுக்கும் நல்ல மெஷின், விலையும் கம்மி. ஆனால் நீங்கள் ஒட்டப்போவது பழைய மாருதி 800-இன் தரைத் தகடோ, ஆம்னியின் கதவு அடிப்பக்கமோ என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. கனம்தான். ஆர்க்கில் எல்லோரும் பிடிக்கும் 2.5 மி.மீ. ராடுக்கே 60 ஆம்ப்ஸ் அளவுக்கு வேண்டும், அந்தச் சூட்டுக்கு இந்தத் தகடு தாங்காது, ராடு தொட்ட இடத்தில் ஓட்டை விழும், அதை அடைக்கப் போனால் பெரிதாகும். கை பழகியவர்கள் மெல்லிய ராடில் தொட்டுத் தொட்டு ஒட்டிவிடுவார்கள், உண்மைதான். முதல் மெஷின் வாங்குகிறவருக்கு அது ஆகாத வேலை.

டிங்கர் பட்டறையில் கேஸ் வெல்டிங் பார்த்திருப்பீர்கள். சூடு தகடு முழுக்கப் பரவி நெளிந்துவிடும், அதைத் தட்டி நேராக்குவது அவர்களுக்குத் தினப்படி வேலை, நமக்கு அப்படி இல்லை. போதாததற்கு வீட்டில் அசிட்டிலின் சிலிண்டர் வேறு. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கம்பி பிடித்து ஒட்டும் டிக் வெல்டிங்கில் ஒட்டு அழகாக வரும், ஆனால் மெதுவான வேலை, துருவோ எண்ணெயோ கொஞ்சம் இருந்தாலும் முரண்டு பிடிக்கும். கார் கம்பெனியில் போடுவது தகடுகளை அழுத்திப் பிடித்துப் புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங், அதற்குத் தகட்டின் இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைக்க வேண்டும். ஆக மிச்சம் இருப்பது மிக்: ராடுக்குப் பதில் சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக ஓடிவந்து உருகி ஒட்டும், சிலிண்டர் கேஸ் அந்த இடத்தில் காற்றுப் படாமல் காக்கும். நம் பக்கத்துப் பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்லுங்கள், உடனே புரியும்.

மிக் மெஷினில் எல்லோரும் 160, 200 என்று பெரிய நம்பரைப் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன நம்பர். மெஷின் பின்னால் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதில் ஆம்ப்ஸ் எதிலிருந்து எதுவரை என்று போட்டிருக்கும். 30-க்குக் கீழே இறங்கினால் நல்லது; 50-இல்தான் தொடங்குகிறது என்றால் கார் தகட்டுக்கு வேண்டாம். அதே தகட்டில் டியூட்டி சைக்கிளும் இருக்கும். 140 ஆம்ப்ஸில் 20 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் 2 நிமிடம் ஒட்டலாம், 8 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். கார் வேலையில் 40 ஆம்ப்ஸ் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத்தான் ஒட்டுவோம், அதனால் இதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து மெஷினின் பக்கக் கதவைத் திறந்து கம்பி ஓடும் இடத்தைப் பாருங்கள். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. ரோலரும் அதை அழுத்தும் கையும் இரும்பாக இருந்தால் நிம்மதி, முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் கொஞ்ச நாளில் கம்பி திக்கித் திக்கி வரும், ஒட்டும் திக்கித் திக்கி விழும். 5 கிலோ சுருள் உட்கார இடம் வேண்டும். கம்பி 0.8 மி.மீ. பரவலாகக் கிடைக்கும், 0.6 இன்னும் நல்லது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் பள்ளம் உள்ள ரோலர் இருக்கிறதா என்று கேளுங்கள். டார்ச், அதாவது கம்பி வெளியே வரும் கைப்பிடி, கழற்றி மாட்டும்படி இருக்கட்டும், மெஷினோடு சேர்ந்தே வருவது கெட்டுப்போனால் தலைவலி.

கேஸ் வேண்டாம், கம்பிக்குள்ளேயே மருந்து இருக்கிறது என்று ஒரு வகை விற்கிறார்கள். ஆடிக் காற்றில் வாசலில் வைத்து வேலை செய்ய அது உதவும், ஏனென்றால் கேஸ் போட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்கப் பொடி ஓட்டையாக வரும். ஆனால் மெல்லிய தகட்டில் மருந்துக் கம்பி சூடு அதிகம், பொறி அதிகம், கசடும் தட்ட வேண்டும். நான் கேஸ் பக்கம்தான். சாக்கைக் கட்டி மறைத்தாவது கேஸ் போடுங்கள். இரண்டும் ஓடும் மெஷினாக வாங்கினால், உள்ளே பிளஸ் மைனஸ் மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள்: கேஸோடு சாதாக் கம்பி ஓடும்போது டார்ச் பிளஸ்ஸில், மருந்துக் கம்பிக்கு பெரும்பாலும் மைனஸில். சில மலிவு மெஷின்களில் இந்த வசதியே இருக்காது.

கேஸில், ஆர்கானும் சிஓடூவும் கலந்தது தகட்டுக்கு மென்மையாக இருக்கும். வெறும் சிஓடூ விலை குறைவு, பொறி கொஞ்சம் கூட, வேலை நடக்கும். ஓசூர் பக்கம் சிப்காட் கம்பெனிகள் இருப்பதால் கலப்பு கேஸுக்கு அலைய வேண்டியதில்லை. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர்கள் முதலில் சிலிண்டர் எங்கே நிரப்புவது என்று விசாரித்துவிட்டு அப்புறம் மெஷினுக்குப் போங்கள். சிலிண்டர் டெபாசிட், ரெகுலேட்டர், ஹோஸ், கம்பி, தானாக இருளும் ஹெல்மெட், கையுறை, கிரைண்டர் எல்லாம் தனிச் செலவு, மெஷினோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கரண்ட் விஷயம். 40 ஆம்ப்ஸில் ஒட்டும்போது வீட்டு லைனில் இழுப்பது ஐந்தாறு ஆம்ப்ஸ்தான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் எர்த் சரியாக உள்ள 16 ஆம்ப்ஸ் பிளக்கில் போடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால் எத்தனை வோல்ட் வரை ஓடும் என்று கடையில் கேளுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். கிணற்று மோட்டார் சர்வீஸில் இருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது விவசாயத்துக்கு என்று கொடுக்கும் இலவச கரண்ட், மாட்டினால் அபராதம்.

மெஷின் வந்ததும் காரைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு நசுங்கிய கதவோ பானெட்டோ வாங்கி, பெயின்ட், துரு, பட்டி எல்லாம் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து அதில் பழகுங்கள். ஒரே கோடாக இழுக்க வேண்டாம். இங்கே ஒரு புள்ளி, ஒரு ஜாண் தள்ளி இன்னொரு புள்ளி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் அடுத்தது. பின்னால் ஒரு செம்புப் பட்டை அண்டக் கொடுத்தால் ஓட்டை விழுவது வெகுவாகக் குறையும், ஒட்டும் செம்பில் பிடிக்காது. 30 ஆம்ப்ஸிலும் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் தகடு துருவில் தேய்ந்திருக்கும், நல்ல தகடு வரும்வரை வெட்டிவிட்டுப் புதுத்துண்டு வையுங்கள்.

காரில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், பைப் பக்கம் வேலை என்றால் கழற்றி இறக்காமல் தொடக்கூடாது. தகட்டின் மறுபக்கம் கார்பெட், ஒயர், அண்டர்கோட் தார் இருந்தால் பற்றிக்கொள்ளும், ஒரு ஆளும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் ஒட்டவே கூடாது, சூட்டில் விஷ வாயு வரும். காட்டன் சட்டை, ஷூ. லுங்கியும் பாலியஸ்டரும் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட் உட்காரும் இடம், கூரையைத் தாங்கும் பில்லர், சஸ்பென்ஷன் தாங்கும் இடம் துரு பிடித்திருந்தால், எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும், நல்ல பட்டறையில் விட்டுவிடுங்கள்.