லினக்ஸில் சத்தம் வரவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

சத்தம் வரவில்லை என்றவுடன் உபுண்டுவை மறுபடியும் நிறுவ உட்கார்ந்துவிடுவது லினக்ஸ் பயன்படுத்துவோரிடம் பரவலாக உள்ள பழக்கம். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆகாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். கோளாறு எந்தப் பக்கம் என்று அறிய நிறுவவே வேண்டாம். பென்டிரைவிலிருந்து உபுண்டுவை லைவ் முறையில் (வன்தட்டைத் தொடாமல்) இயக்கி ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் கேட்டால் சவுண்டு கார்டு நலம். குறை உங்கள் அமைப்புகளில்.

அதற்கும் முன்பு ஸ்பீக்கர் வயரைப் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, 3.5 மில்லிமீட்டர் பின்னை விட்டுவைக்குமா? கணினியின் பின்புறம் பச்சைத் துளையில் இருக்கும் பின்னை உருவிப் பாருங்கள். பளபளப்பு மங்கி, கருப்பு வளையங்களை ஒட்டிக் களிம்பு ஏறியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் கேட்பதற்கும் பின்னைத் திருகினால் கரகரப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும்.

வயர் சரி என்றால், சத்தம் வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் இணைத்த மானிட்டரும் ஓர் ஒலிக்கருவியாகப் பதிவாகக்கூடும். ஸ்பீக்கரே இல்லாத சில மானிட்டர்களும் அப்படித்தான். பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்தால் ஒலியளவுப் பட்டை துள்ளிக்கொண்டிருக்கும், காதுக்கு மட்டும் ஒன்றும் எட்டாது. அங்கேயே வெளியீட்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

பலர் தவறவிடும் இடம், கார்டின் ஒலியளவை நேரடியாக மாற்றும் ஆல்சாமிக்சர். டெர்மினலில் அதைத் திறந்தவுடன் ஒற்றைத் தூண் ஒன்று நிற்கும். அது கார்டு அல்ல, மேலே இயங்கும் ஒலிச் சேவையின் முகம். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்போன், ஃபிரண்ட் என்று வரிசையாகத் தூண்கள் வரும். தூணின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகும். வலப்பக்கம் அம்புக்குறியால் நகர்ந்துகொண்டே போங்கள். பல கணினிகளில் அங்கே 'ஆட்டோ மியூட் மோட்' இருக்கும். முன்பக்கத் துளையில் ஹெட்போன் செருகியிருப்பதாகக் கார்டு நினைத்துக்கொண்டால், பின்பக்க ஸ்பீக்கரை அதுவே அடக்கிவிடும். திருப்பாதிரிப்புலியூர் டிடிபி கடைகளில் இருப்பதுபோல உதிரிகளை வாங்கிப் பூட்டிய கணினி என்றால், கேபினெட்டின் முன்பக்க வயரையும் ஒருமுறை பாருங்கள். பழைய கேபினெட்டுகளில் எச்டி ஆடியோ, அதற்கு முந்தைய தரமான ஏசி97 என இரண்டு முனைகள் தொங்கும். புதிய மதர்போர்டில் ஏசி97 முனையைச் செருகினால் இந்தக் கணிப்பு குழம்பும்.

பழைய குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது பெரிய தலைவலி. உபுண்டுவில் 2008 முதல் பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை இருந்தது, 22.10 பதிப்பில் பைப்வயர் என்ற புதிய சேவை அந்த இடத்துக்கு வந்தது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2021இல், 34ஆம் பதிப்பிலேயே மாறிவிட்டது. 2012இல் எழுதிய தீர்வு அன்றைக்குச் சரி; இன்றைக்கு அதே கட்டளை பைப்வயரின் மேல் பல்ஸ்ஆடியோவையும் ஏற்றி இரண்டையும் மோதவிடலாம். எது ஓடுகிறது என்று டெர்மினலில் 'பிஏசிடிஎல் இன்ஃபோ' என்ற கட்டளை சொல்லும். சர்வர் பெயருக்குப் பக்கத்தில் 'ஆன் பைப்வயர்' என்றிருந்தால் பல்ஸ்ஆடியோவைத் தேடி நிறுவாதீர்கள். எந்தத் தொகுப்பையும் நீக்கும்போது, கூடவே போகும் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். டெஸ்க்டாப்பின் பாதியும் சேர்ந்து போய்விடக்கூடும்.

பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்க்கச் சொல்வதும் அந்தக் காலத்து வைத்தியமே. இப்போது உள்நுழைந்தவருக்கு அனுமதி தானாகக் கிடைக்கிறது. ஒரே கணினியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனிக் கணக்குகள் இருந்தால், இந்தச் சேர்க்கையால் ஒருவர் கார்டைப் பிடித்துக்கொண்டு மற்றவருக்கு விடாமல் போகலாம்.

பைப்வயரை மறுதொடக்கம் செய்யும்போது நிர்வாகி அனுமதி தரும் சூடோ போடாதீர்கள். அது பயனரின் சேவை. சேவைகளை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'யூசர்' என்ற குறிப்பைச் சேர்த்து, பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் என்ற மூன்று சேவைகளையும் சேர்த்து எழுப்ப வேண்டும்.

வெளியீட்டுப் பட்டியலில் 'டம்மி அவுட்புட்' என்ற போலி வெளியீடு மட்டும் இருந்தால் மேலே எதைத் திருகியும் பயனில்லை. டெர்மினலில் 'ஏபிளே -எல்' கொடுத்துக் கார்டுகளின் பட்டியலைப் பாருங்கள். எல் சிறிய எழுத்தாக இருக்கட்டும், பெரிய எழுத்து வேறு பட்டியலைத் தரும். அதிலும் கார்டு இல்லை, கணினியோ அண்மைக்கால இன்டெல் லேப்டாப் என்றால், ஒலிச் சில்லுக்குத் தேவையான சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லாமல் இருக்கலாம். டெபியன் லினக்ஸில் அது தனித் தொகுப்பு. விண்டோஸும் சேர்ந்திருக்கும் கணினியில் முதலில் விண்டோஸ் முழுவதும் அணையாமல் விரைவாக எழ உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, முழுவதுமாக அணைத்து எழுப்பிப் பாருங்கள். சில கணினிகளில் விண்டோஸ் சவுண்டு கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுப் போய்விடுகிறது.

லைவ் முறையிலும் ஊமை, பின்னும் சுத்தம், ஸ்பீக்கர் கைப்பேசியில் பாடுகிறது என்றால், மதர்போர்டைக் கழற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு ஓட வேண்டாம். யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்குங்கள். பொதுவான யுஎஸ்பி ஆடியோ தரத்தில் இயங்குபவற்றுக்கு லினக்ஸின் மையமான கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. டப்பாவில் வரும் சிடியைப் பிரிக்கக்கூடத் தேவையில்லை. வெளியீட்டுப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள், கேட்கும்.